பெண் பார்க்க வந்த நேரத்தில் உருகிய பிளக்

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாகிவிட்டது. உங்களிடம்தான் பாக்கி.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் அக்கா வீட்டில், ஒரு பெரிய கம்ப்யூட்டரின் பிளக்கை நான் உருக்கிவிட்டேன்.

அடுப்பில் வைத்தெல்லாம் இல்லை. சும்மா… கொஞ்சம் நகர்த்தினேன். அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் என் அக்கா மகள் தாரணியுடையது. வயது இருபத்தேழு. அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் வரும். அவள் அப்பா, அதாவது என் மாமா, “டிசைனிங்” என்பார். அக்கா, “கம்ப்யூட்டர்ல படம் போடுது” என்பாள். நான் எழுதுகிறவள் என்பதால் என்னிடம்தான் சரியான விளக்கம் இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். சொல்கிறேன்… இன்னும் கட்டாத கட்டடத்துக்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாள். வாசல், படி, தூண், ஜன்னலில் விழும் வெயில், வெயிலில் பறக்கும் தூசு வரைக்கும் நிஜம் மாதிரியே தெரியும். பார்த்துவிட்டு “எங்க இருக்கு இந்தக் கட்டடம்?” என்று கேட்பீர்கள். எங்கேயும் இல்லை. அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

அந்த வேலைக்கு அசுர பலமுள்ள பெட்டி வேண்டுமாம். அதனுள்ளே ஒரு செங்கல் அளவுக்கு ஒரு கார்டு. கிராஃபிக்ஸ் கார்டு. மும்முரமாக வேலை செய்யும்போது அந்த ஒரு கார்டு மட்டும் மிக்ஸி இழுக்கிற அளவுக்குக் கரண்ட் இழுக்கும். அவ்வளவு கரண்டும் போவது தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு பிளக் வழியாக!

தாரணியே சம்பாதித்து வாங்கியது. வாங்கிய அன்று கற்பூரம் காட்டி, சந்தனப் பொட்டு வைத்து… ஒரு காரை வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி அமர்க்களம் பண்ணினோம்.

பிறகு ஏன் அதை ஒளித்து வைத்தோம்?

அதுதான் கதை.

இரண்டு மாதம் முன்னால் தாரணியைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. காபி சாப்பிட்டார்கள். அவளுடைய அறையை எட்டிப் பார்த்தார்கள். உள்ளே பெட்டி கலர் கலராக விளக்குப் போட்டுக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை, “பொண்ணு கேம் ஆடுமுங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, வேலைங்க” என்றாள் அக்கா. “நாள் பூராவுமா?” என்றார் அவர். “நேரம் காலமே கெடையாதுங்க!” என்று மாமா பெருமையாகச் சொல்லிவிட்டார்.

போனவர்கள் போனவர்கள்தான்.

அதனால் இந்த முறை அக்கா உஷார். வரப்போவது திருச்செங்கோடு பக்கம் தறி வைத்திருக்கும் குடும்பம். பையன் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் இன்ஜினியர், பெயர் பிரகாஷ். போட்டோவில் லட்சணமாகச் சிரித்தார். தரகர் போனில், “கொஞ்சம் பார்த்துக்குங்க, மாப்பிள்ளையோட அம்மா கறார்ப் பேர்வழி” என்று வேறு சொல்லிவிட்டார்.

அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். ரகசியக் குரல். “அந்தப் பொட்டிய மறைச்சிரலாம் புள்ள. அவங்க போற வரைக்கும்தான்.”

“தாரணி கத்துவா.”

“அவ சேலை கட்டப் போயிட்டா. வர்றதுக்குள்ள முடிச்சிரு.”

கவனித்தீர்களா? ‘முடிச்சிரலாம்’ இல்லை. ‘முடிச்சிரு.’ அக்காமார்கள் எல்லோரும் இப்படித்தானா, இல்லை என் அக்கா மட்டுமா?

அறைக்குப் போனேன். மானிட்டரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆஃப் பண்ணாதீர்கள். தொடாதீர்கள்.’

ராசிபுரம் பக்கம் யாரோ நாலைந்து பேர் சேர்ந்து பெரிய கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் கூடுகிறார்கள். தாரணியின் வீடியோவைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப்போகிறார்கள். நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லாமல் தாரணிக்கு நேராகக் கிடைத்த முதல் பெரிய வேலை. வீடியோவுக்கு வேண்டிய படங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு, இரண்டு நாளாகப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

இத்தனையும் தெரிந்துதான் செய்தேன். ஆனால் ஆஃப் பண்ணவில்லை பாருங்கள்! அந்த மட்டில் நான் உத்தமி.

பெட்டி, பாதி தீர்ந்த கேஸ் சிலிண்டர் கனம் இருந்தது. கீழே கால்மிதியைப் போட்டு, மெதுவாக இழுத்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் தள்ளினேன். சேலம் வெயிலுக்குக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று தாரணி அதன் ஒரு பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தாள். அந்தத் திறந்த பக்கம் பீரோவைப் பார்த்து இருந்தது. முக்கால்வாசி உள்ளே போனதும் ஏதோ ஒன்று ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளியது. பொறுமையுள்ள பெண்ணாக இருந்தால் குனிந்து என்னவென்று பார்த்திருப்பாள்.

நான் இடுப்பால் ஒரு இடி இடித்தேன். உள்ளே போய்விட்டது!

மேலே ஒரு பூப்போட்ட பெட்ஷீட். முடிந்தது வேலை. கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பத்தரைக்குக் கார் வந்தது. மூன்றே பேர். பிரகாஷ், வெள்ளைச் சட்டை, போட்டோவைவிட ஒல்லி. அவர் அப்பா, அதிகம் பேசாத, எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிற தங்கமான மனுஷன். அம்மா பேர் ஈஸ்வரி. பச்சைப் பட்டு, பெரிய பொட்டு, கையில் ஆண்கள் கட்டுகிற பழைய வாட்ச். கேட்டில் நுழையும்போதே எங்கள் மெயின் போர்டு பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

“வாங்க, வாங்க, உட்காருங்க.”

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. மாமா ஆரம்பித்தார்… ஆவணி வெயில், மேட்டூர் தண்ணீர், நெடுஞ்சாலை வேலை. பெண் பார்க்கும் வீட்டில் பேசுவதற்கென்றே ஏழெட்டு விஷயம் இருக்கிறது இல்லையா, வரிசையாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்.

தாரணி மெரூன் சேலையில் காபித் தட்டோடு வந்தாள். பிரகாஷ் நிமிர்ந்து பார்த்தார். டம்ளரை எடுக்கும்போது கொஞ்சம் காபியைத் தட்டில் சிந்தினார். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது.

முதலில் லேசாக. அடுப்பில் பிளாஸ்டிக் கவர் விழுந்து சுருங்கினால் ஒரு நாற்றம் வருமே, அது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண் சமையலறைப் பக்கம் போயிற்று. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது. எண்ணெய்ச் சட்டி ஆறியிருந்தது. திரும்பி வந்து இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வாசம் ஏறியது.

யாராவது வாயைத் திறந்து சொன்னார்களா? ஒருவரும் இல்லை! மாமா ஃபேன் வேகத்தைக் கூட்டினார். பிரகாஷ் நாசூக்காக மூக்கைத் தேய்த்தார். அவர் அப்பா, அவருக்குப் புண்ணியமாகப் போக, “கேசரி நெம்ப வாசமா இருக்குதுங்க” என்றார்.

ஈஸ்வரியம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, இது கேசரி வாசம் இல்லீங்க. கரண்டு வாசம்.”

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். மூக்கை முன்னால் விட்டு, பட்டுச் சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். ஃப்ரிட்ஜ் பக்கம் நின்றார். இல்லை. இன்வெர்ட்டர் பக்கம் நின்றார். இல்லை. தாரணியின் அறைக்கதவுக்கு வந்தார்.

அக்கா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். “அது சும்மா… சாமான் ரூமுங்க!”

“சாமான்தானுங்க எரியுது” என்றார் அவர்.

கதவு திறந்தது. பீரோ சந்தில் எங்கள் பூப்போட்ட பெட்ஷீட், ஆடிப் பண்டிகை சீரியல் லைட் மாதிரி உள்ளேயிருந்து சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. ஓரமாக ஒரு நூல் புகை.

பின்னாலேயே காபித் தட்டோடு வந்த தாரணி அதைப் பார்த்தாள். தட்டை என் கையில் திணித்தாள். ஒரே பாய்ச்சல். பெட்ஷீட்டை உருவி எறிந்தாள். சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கை போயிற்று… நின்றது.

ஒரு நொடி. எனக்கு அந்த நொடி இப்போதும் கண்ணில் நிற்கிறது. அணைத்தால் ஓடுகிற வேலை நின்றுபோகும். ஐந்து மணி. ராசிபுரம். அவ்வளவும் அவள் முகத்தில் தெரிந்தது.

‘டப்.’ அணைத்துவிட்டாள்.

ஈஸ்வரியம்மா மெல்ல, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “தொழில் தெரிஞ்ச புள்ள.”

அதற்கப்புறம் நடந்தது எதுவும் எந்தப் பெண் பார்க்கும் படலத்திலும் நடந்திருக்காது. பிரகாஷும் மாமாவும் சேர்ந்து பெட்டியை வெளியே இழுத்தார்கள். தாரணி சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் பட்டுச் சேலை கசங்க ஈஸ்வரியம்மாவும் உட்கார்ந்தார்!

“டார்ச்சு இருக்குதுங்களா?”

பிரகாஷ் செல்போன் விளக்கைப் போட்டுக் காட்டினார்.

“நீ இன்ஜினியர்தானடா, இது என்னன்னு சொல்லு.”

“நான் சாஃப்ட்வேர்ம்மா…”

“சரி, விளக்கையாச்சும் நேராப் புடி.”

கார்டின் விளிம்பில் அந்தச் சின்னக் கறுப்புப் பிளக். ஒரு மூலை பழுப்பாகி, மெழுகுவத்தி மாதிரி வழிந்து நின்றது. தாரணி அதில் கை வைக்கப்போனாள்.

“இழுக்காத சாமி. சூட்டுல இழுத்தா மாட்டியிருக்கற எடமும் சேர்ந்து பிச்சுக்கிட்டு வந்துரும். ஆறட்டும். பத்து நிமிசம்.”

“ஆன்ட்டி, உங்களுக்கு இது எப்படி…?”

“இது என்ன மிசினுன்னு எனக்குத் தெரியாது அம்மணி. எரிஞ்ச டெர்மினல் தெரியும். ஊட்டுக்குப் பின்னால பன்னண்டு தறி ஓடுது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மோட்டாரு. எது வேணா லூசா இருக்கலாம், கனெக்சன் லூசா இருக்கப்படாது.” பிளக்கை உற்றுப் பார்த்தார். “இதுல எத்தனை பின்னு?”

“கரண்டுக்கு மட்டும் பன்னிரண்டு.”

“ஆச்சு. கோயில்ல சப்பரம் தூக்கறோம். பன்னண்டு பேரு. அதுல நாலு பேரு நைசாத் தோளை எடுத்துட்டா என்னாகும்? மிச்சம் எட்டுப் பேரு தலைல எறங்கும். அந்த எட்டுப் பேருதான் இப்ப வெந்து கெடக்கறாங்க. பிளக்கு ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குது பாரு… யாரு இதைய இடிச்சது?”

தாரணி மெதுவாகத் திரும்பினாள். “நான் டேபிளுக்குப் பக்கத்தில வெச்சிருந்தேன். இது எப்படி பீரோ சந்துக்குப் போச்சு?”

நான் இன்னும் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு கையை விடுவித்து, பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி உயர்த்தினேன்.

“சித்தி!”

“நகர்த்தினேன். ஏதோ தடுத்துச்சு. இடுப்பால… ஒரு இடி.”

தடுத்தது அந்தக் கேபிள்தான். திறந்த பக்கத்தில் கொஞ்சம் வெளியே வளைந்து நின்றிருந்தது. பீரோவில் பட்டு மடங்கி, பிளக்கை ஒரு பக்கமாகக் கிளப்பிவிட்டது. முழுதாகக் கழன்றிருந்தால் மெஷின் அப்போதே நின்றிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. அரையும் குறையுமாகத் தொட்டுக்கொண்டிருந்ததால்தான் வினை. மேலே நான் போர்த்திய பெட்ஷீட் வேறு!

“அவளைத் திட்டாத” என்றாள் அக்கா. “நான்தான் மறைக்கச் சொன்னேன். போன தடவை வந்தவங்க இதைப் பார்த்துட்டுத்தான்…”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா அவள் வேலையை, அதுவும் அவளுக்கே தெரியாமல், பெட்ஷீட் போட்டு மூடியிருக்கிறாள். மெஷின் எரிந்ததைவிட அதுதான் அவளுக்குச் சுட்டது என்று எனக்குத் தோன்றியது.

எனக்குத் தெரிந்து, விருந்தாளி வருகிறார் என்றால் நாம் அழுக்குத் துணியை ஒளிப்போம். பழைய செருப்பை ஒளிப்போம். சரி, நியாயம். ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மட்டும் பெண்ணிடம் இருப்பதிலேயே உசத்தியான ஒன்றைத் தேடி எடுத்து ஒளிக்கிறோமே… ஏன்?

ஈஸ்வரியம்மா சிரித்தார். வாய்விட்டு, உடம்பு குலுங்க.

“என்னையப் பொண்ணு பார்க்க வந்தப்ப எங்கப்பா என்ன சொன்னாருங்கறீங்க? ‘மோட்டார் பிரிப்பேன்னு மட்டும் சொல்லீராத சாமி, ஆம்பளைப் புள்ளையாட்ட இருக்குதும்பாங்க’ன்னாரு. நானும் வாயே தொறக்கலை. கண்ணாலம் முடிஞ்ச மூணாம் நாளு இவங்க ஊட்டுல மோட்டார் நின்னு போச்சு. மெக்கானிக்கு வரலை. எத்தனை நேரம்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறது? ஸ்குரூடிரைவர எடுத்துட்டேன்.”

வாசலில் நின்ற அவர் கணவர் அன்றைக்கு இரண்டாவது முறையாக வாயைத் திறந்தார். “அன்னிக்கிருந்து நான் ஸ்குரூடிரைவர தொட்டதே இல்லீங்க.”

பத்து நிமிஷம் ஆகியிருந்தது. தாரணி பிளக்கின் கிளிப்பை அழுத்தி, மெல்ல மெல்ல அசைத்து எடுத்தாள். வந்தது. பிளக்கில் ஒரு ஓரத்து ஓட்டைகள் இரண்டு ஒன்றாகிப்போயிருந்தன. கார்டின் பக்கத்திலும் கருகல்.

“ஒருவேளை வேற கேபிள் போட்டா ஓடும்…” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடனே தலையை ஆட்டினாள். “வேண்டாம்.”

“வேண்டாம்” என்றார் ஈஸ்வரியம்மாவும், அதே நேரத்தில். “எரிஞ்ச எடத்துல மறுபடி மாட்டுனா மறுபடி எரியும்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆகா… வழக்கமாக மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்துக்கொள்கிற பார்வை அது!

“அப்ப வீடியோ?” மாமா கேட்டார்.

நல்லவேளையாக, அதுவரை ஓடியதெல்லாம் ஒவ்வொரு படமாக டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. கடைசியாக ஓடிய ஒரே ஒரு படம்தான் போயிருந்தது. மீதி வேலைக்கு ஒரு கார்டு வேண்டும். அவளுடைய பழைய கார்டு ஒன்று பரணில் இருக்கிறது. ஆமை வேகம். ஆனால் அதற்குப் போகிற பிளக் வேறு மாதிரி, அந்தக் கேபிளும் கைவசம் இருந்தது.

“குக்கர் அட்டைப்பெட்டியில வெச்சு, பரண்ல போட்டேன்” என்றாள் தாரணி.

ஏணி வந்தது. மாமாவுக்கு முட்டி வலி. யார் ஏறுவது என்று நாங்கள் பார்ப்பதற்குள் பிரகாஷ் ஏறிவிட்டார். அந்த வெள்ளைச் சட்டையோடு!

“தூசி அலர்ஜிடா உனக்கு!” என்று ஈஸ்வரியம்மா கீழேயிருந்து கத்தினார்.

“தெரியும்ம்மா” என்று மேலேயிருந்து பதில் வந்தது. கூடவே ஒரு தும்மல்.

முதல் குக்கர் பெட்டியில் இட்லித் தட்டு. தும்மல். இரண்டாவதில் என் அக்காவின் கல்யாண ஆல்பம். இரண்டு தும்மல். எங்கள் வீட்டில் இத்தனை குக்கர் வாங்கியிருக்கிறோம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. நாலாவது பெட்டியைத் திறந்தவர், “இதுங்களா?” என்று ஒரு கார்டைத் தூக்கிக் காட்டினார். தலையில் ஒட்டடை. மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர். முகத்தில் மட்டும் போட்டோவில் இருந்த அதே சிரிப்பு.

தாரணி அவரை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். “அதேதான்… பார்த்து இறங்குங்க.”

துடைத்தார்கள், மாட்டினார்கள். ஈஸ்வரியம்மா விளக்கைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

“அழுத்து. இன்னும். டக்குனு சத்தம் வரோணும்.”

‘டக்.’

“ஆட்டிப் பாரு.”

“ஆடலை.”

“வயரு எங்கயாச்சும் மடங்குதா?”

“இல்ல அத்தை.”

அத்தை! ஆன்ட்டி எப்போது அத்தை ஆனார் என்று அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. அக்கா என் தொடையைக் கிள்ளினாள். இன்னும் அந்த இடம் வலிக்கிறது.

சுவிட்சைப் போட்டாள் தாரணி. ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு விசிறி சுழன்றது. விளக்கு வந்தது. திரையில் பாதியில் நின்ற கல்யாண மண்டபம் திரும்ப வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பிரகாஷின் அப்பா ஒரு கையில் பஜ்ஜி வைத்திருந்ததால் தொடையில் தட்டினார்.

மணி பன்னிரண்டு. வேலை முடிய மூன்றரை மணிக்கு மேல் ஆகலாம் என்று கணக்குச் சொன்னது திரை. அப்புறம் கோத்து, அனுப்ப வேண்டும். மயிரிழையில் போகும்.

இனி விருந்தாளிகள் கிளம்ப வேண்டியதுதான். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். பலகாரம் சாப்பிடலாம், இலை போட்டுச் சோறு சாப்பிட மாட்டார்கள். அதனால் அக்கா மதியத்துக்கு எதுவும் செய்யவும் இல்லை. தாம்பூலத் தட்டை எடுக்க உள்ளே திரும்பினாள்.

ஈஸ்வரியம்மா நாற்காலியை மானிட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முடியறதப் பார்த்துட்டுத்தான் போகோணும். ஏனுங்க… பசிக்குதுங்க. சோறு இருக்குதுங்களா?”

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். நான் இன்னும் அந்தக் காபித் தட்டைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

தாரணி மட்டும் தெளிவாக இருந்தாள். “அம்மா, நானும் அவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசலை.”

“பேசுங்க, யார் வேண்டாம்னா?” என்றார் ஈஸ்வரியம்மா. “சோறு வேற, சம்மதம் வேற. நீ வேண்டாம்னு சொன்னாலும் தின்ன சோத்தைத் திருப்பியா கேட்கப் போறீங்க?”

சமையலறையில் ஒரு யுத்தம் நடந்தது. குக்கரில் சோறு, பத்து நிமிஷ ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மாமா தயிர் வாங்க ஓடினார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு இவ்வளவு ஏழைச் சாப்பாட்டை இவ்வளவு சந்தோஷமாக யாரும் போட்டிருக்க மாட்டார்கள். பிரகாஷின் அப்பா மூன்று முறை ரசம் கேட்டார்.

பிரகாஷும் தாரணியும் அந்த அறையிலேயே, கதவு திறந்திருக்க, திரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. தண்ணீர் கொடுக்கப் போனேன். நாலு முறை.

“வேலை செய்யறப்ப யாராவது வந்து கூப்பிட்டா எனக்குப் பயங்கரமா எரிச்சல் வரும்” என்றார் பிரகாஷ்.

“எனக்கும்” என்றாள் தாரணி. என்னைப் பார்த்தபடி.

மூன்றே முக்காலுக்குக் கடைசிப் படம் வந்தது. தாரணி எல்லாவற்றையும் கோத்து அனுப்பினாள். நாலு இருபதுக்கு ‘போய்ச் சேர்ந்தது’ என்று வந்தது. “ராகு காலத்துக்குப் பத்து நிமிசம் இருக்குது!” என்று மாமா வாட்சைக் காட்டி ஒரு குதி குதித்தார். முட்டி வலி என்றவர்தான்.

ஆறு மணிக்கு ராசிபுரத்திலிருந்து போன். மண்டபம் கட்டுகிறார்கள். படம் பிடித்திருக்கிறதாம். சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் இன்னும் பெரிசாகக் காட்டச் சொன்னார்கள்.

உருகிய பிளக்கைப் படமெடுத்துக் கார்டு கம்பெனிக்கு அனுப்பினாள் தாரணி. ‘நகர்த்தும்போது கேபிள் மடங்கிவிட்டது’ என்று நேர்மையாகவே எழுதினாள். நகர்த்தியது யார் என்பதை மட்டும் பெருந்தன்மையாக விட்டுவிட்டாள். போன வாரம் வேறு கார்டு வந்துவிட்டது. அதன் பிறகு பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றுவதே இல்லை. பெட்டி இப்போது அறையின் நடுவில், ஒரு மேடை போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா காபிக்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறாள். கேஸ் போட வந்தவருக்குக்கூடக் காட்டினாளாம்.

தை மாதம் கல்யாணம்.

முடிவு சொல்வதற்கு முன்னால் தாரணி ஒரு நாள் திருச்செங்கோடு போய் அந்தத் தறிப்பட்டறையைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சோபாவில் விழுந்து, சத்தத்தில் காது அடைத்துப்போய், கண் மட்டும் பளபளக்க, கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

“பன்னிரண்டு தறி சித்தி! ஒரு வயர்கூடத் தொங்கலை. ஒவ்வொரு மோட்டாருக்கும் நம்பர். சர்வீஸ் பண்ணின தேதி சுவத்துலயே சாக்பீஸ்ல எழுதியிருக்கு. அத்தை என்னை ஒரு மோட்டாரைப் பிரிக்க விட்டாங்க தெரியுமா!”

காதலில் விழுந்த பெண்கள் இப்படித்தான் பேசுவார்கள். எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் பேசியிருக்கிறேன்.

“அதெல்லாம் சரி… பிரகாஷ்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். காது நுனி மட்டும் சிவந்தது.

“அவரும் நல்லவர்தான் சித்தி.”

அந்த ‘உம்’மை மட்டும் தயவுசெய்து பிரகாஷிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்!